கத்திக்குப் பிறகு பத்து நாள்

காயடித்தல் என்ற சொல் தெரியாத கிராமத்துக்காரர் நம் தலைமுறையில் இருக்க முடியாது. காளையை உழவுக்குப் பழக்குவதற்கு முன் காயடிப்பார்கள். ஆட்டுக் கிடாவுக்கும் உண்டு. அந்த வேலை தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் ஒருவராவது இருப்பார். ஆனால் பெண் விலங்குக்கு அதேபோல் ஒன்றைச் செய்வதற்கு நம் வீட்டுப் பேச்சில் ஒரு சொல் கிடையாது. பசுவுக்கும் ஆட்டுக்கும் அது தேவைப்படவில்லை. பெட்டை நாய்க்குச் செய்யலாம் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

அதனால்தான் இன்றைக்கும் தெருவில் "அந்த நாய்க்கு ஃபேமிலி பிளானிங் பண்ணியாச்சு" என்கிறோம். சிவப்பு முக்கோணத்தோடு நமக்கு வந்த சொல்லை நாய்க்குக் கடன் கொடுத்துவிட்டோம். அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் பெயர் கருத்தடை அறுவை சிகிச்சை.

சொல் இல்லாத இடத்தில் பழக்கமும் இருக்காது. கன்று ஈன்ற மாட்டுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை நாள் பத்தியம் என்று தெரிந்திருந்தது. வயிற்றைத் திறந்து தைத்த ஒரு பெட்டை நாயை எப்படித் தேற்றுவது என்பது எந்தப் பாட்டியும் சொல்லித் தராத பாடம். அந்தப் பாடத்தை நம் ஊர் எப்படிக் கற்றுக்கொண்டது, இன்னும் எதைக் கற்றுக்கொள்ளவில்லை என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன்.

தெருநாய் என்று எடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டவரின் கோபம் நியாயமானது. சோறு வைக்கிறவரின் பரிவும் நியாயமானது. இந்த இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

பழைய கத்தி

பெண் விலங்கின் சூலகத்தை எடுக்கும் வித்தை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில், பெண் பன்றிக்கு அதை எப்படிச் செய்வார்கள் என்று விவரிக்கிறார். இரண்டு நாள் பட்டினி போட்டு, பின்னங்காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, அடிவயிற்றைக் கீறி, உள்ளே ஒரு துண்டை அறுத்துவிட்டுத் தைப்பார்களாம். போருக்குக் கொண்டுபோகும் பெண் ஒட்டகங்களுக்கும் இதைச் செய்தார்கள் என்கிறார். அறுவைக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. வலிக்கு என்ன செய்தார்கள் என்றால், ஒன்றும் செய்யவில்லை.

மனிதர்களுக்கே 1846-இல்தான் ஈதர் மயக்கம் பாஸ்டன் நகரில் எல்லோரும் பார்க்கச் செய்துகாட்டப்பட்டது. 1867-இல் லிஸ்டர், புண்ணில் சீழ் வைக்காமல் காப்பது எப்படி என்று எழுதினார். மயக்கம், கிருமியில்லாத சுத்தம் ஆகிய இந்த இரண்டும் வந்த பிறகே வயிற்றைத் திறப்பது நம்பிக்கையான வைத்தியமாயிற்று. விலங்குகளுக்கு இவை இன்னும் தாமதமாக வந்தன. லண்டனில் ஹாப்டே என்ற கால்நடை மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாய், பூனைக்கெல்லாம் குளோரோஃபார்ம் கொடுத்தே அறுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1919-இல் பிரிட்டனில் விலங்குகளுக்குச் சில அறுவைகளின்போது மயக்க மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது.

நம் சென்னையில் 1903-இல் வேப்பேரி டாபின் ஹாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அந்தக் காலத்தில் கால்நடை மருத்துவம் என்றால் குதிரையும் மாடும்தான். நாய்க்கு வைத்தியம் பார்ப்பது துரைமார் வீட்டுச் சமாச்சாரம். தெருநாய்க்கு நகரம் வைத்திருந்த ஏற்பாடு வேறு.

நாய் வண்டி

அந்த ஏற்பாடு நமக்கெல்லாம் நினைவிருக்கும். கார்ப்பரேஷன் நாய் வண்டி தெருமுனையில் திரும்பினால் பிள்ளைகள் நாய்களை விரட்டிவிட்டு வீட்டுக்குள் ஒளித்து வைப்போம். நீளமான இடுக்கியோ சுருக்குக் கம்பியோ வைத்திருப்பார்கள். பிடிபட்ட நாய் திரும்பி வராது. அது எங்கே போகிறது என்று பெரியவர்களைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. பம்பாயில் 1832 ஜூன் மாதம், தெருநாய்களைக் கொல்லச் சொன்ன உத்தரவை எதிர்த்துப் பார்சிகள் கடையடைத்துக் கலகமே செய்தார்கள். சென்னையில் அப்படி எதுவும் நடந்ததாக நான் படித்ததில்லை. இங்கே 1860-லிருந்து நாய்களைப் பிடித்துக் கொல்வது நடந்துவந்தது என்றும், 1990களின் நடுவில் அது நாளொன்றுக்கு 135 வரை போயிற்று என்றும் ப்ளூ கிராஸ் அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார்.

கொன்றவர்களைக் கொடூரக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்களை விரட்டியது வெறிநோய் பயம். அந்த நோய் வந்துவிட்டால் மருந்தில்லை என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது அதற்கான ஊசி மருந்து வடக்கே வெகுதூரத்தில் கசௌலியில்தான் கிடைத்தது. தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்று அந்தச் சாவு கிளப்பிய பேச்சில்தான் 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் பிறந்தது. அந்த ஊசியும் லேசுப்பட்டதல்ல. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நாம் பயந்து வளர்ந்தோமே, அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. இந்தியாவில் அதை 2004-இல்தான் முற்றிலும் நிறுத்தினார்கள்.

ஆக, நூறாண்டுக்கும் மேலாகக் கொன்றோம். நாயும் குறையவில்லை, நோயும் ஒழியவில்லை. காரணம் எளிது. தெருவில் குப்பைத் தொட்டியும் மீன் கடையும் இருக்கிறவரை அங்கே சில நாய்கள் பிழைக்க இடம் இருக்கிறது. பத்து நாயைத் தூக்கினால் அந்த இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும், மிச்சமிருக்கும் பெட்டை போட்ட குட்டிகள் கூடுதலாகப் பிழைக்கும். ஒரு பெட்டை பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சுமார் 63 நாளில் குட்டி போடும். இந்தக் கணக்கை எந்த வண்டியாலும் ஜெயிக்க முடியாது.

தி. நகர் வெள்ளமும் இரண்டு குட்டிகளும்

1959-இல் ஒரு மழைக்காலத்தில், விமான ஓட்டியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம் தி. நகரில் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதுதான் ப்ளூ கிராஸின் தொடக்கம். 1964-இல் அது முறையாகப் பதிவாயிற்று. அவருடைய மகன் சின்னி கிருஷ்ணாவும் நண்பர்களும் அந்த 1964-லேயே கார்ப்பரேஷனிடம் ஒரு யோசனை சொன்னார்கள். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்றார்கள். இதற்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஏபிசி என்று பெயர் வைத்தார்கள். ஏபிசி போலச் சுலபமானது என்று கேலியாகவும் சொல்லிக்கொண்டார்கள்.

சுலபமாகத்தான் இல்லை. நகரம் அதை ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டு ஆயிற்று. 1995-இல் தென் சென்னையின் ஒரு பகுதியில் சோதனையாகத் தொடங்கி, 1996-இல் நகரம் முழுவதற்கும் வந்தது.

இதற்கு நடுவில் நடந்த இன்னொரு கதையும் நம் ஊர்க்காரருடையதே. நடனத்துக்காக நாம் அறிந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி தந்ததால் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் சட்டம் வந்தது. 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தது. அதன் முதல் தலைவர் அவர்தான். தலைமை அலுவலகமும் சென்னையில்தான் பல்லாண்டுகள் இருந்தது. ஆனால் அதே 1960 சட்டம் தெருநாய்களைக் கொல்கூண்டில் வைத்துக் கொல்வதைக் குற்றமில்லை என்று விதிவிலக்கும் வைத்திருந்தது. 2001-இல் மத்திய அரசு நாய் இனக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்த பிறகே கருத்தடை என்பது நாடு முழுவதற்குமான முறையாயிற்று.

இதுவரை சொன்னது பல பேர் எழுதிய வரலாறுதான். அதில் வருவதெல்லாம் சட்டமும் எண்ணிக்கையும். இத்தனை நாய் பிடித்தோம், இத்தனை நாய்க்கு அறுவை செய்தோம் என்று கணக்கு வரும். அறுவை மேஜையிலிருந்து இறக்கிய பிறகு அந்த நாய் என்ன ஆயிற்று என்பது கணக்கில் வராது. என் அனுபவத்தில் ஒரு தெரு இந்தத் திட்டத்தை ஏற்பதும் வெறுப்பதும் அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் நடந்தது

நான் ஓய்வு பெற்ற புதிதில் எங்கள் தெருவில் ஒரு வெள்ளைப் பெட்டையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் மாலையே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அன்று இரவு மழை. அது சாக்கடை ஓரம் படுத்துத் தையலை நக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் தையல் விட்டுப்போயிருந்தது, ஈ மொய்த்தது. ஐந்தாம் நாள் செத்துப்போயிற்று. இஸ்திரி வண்டிக்காரர், "இதுக்கு அந்தப் பழைய வண்டியே தேவலை சார், அதுவாவது ஒரே நாள்ல முடிச்சுடும்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு எங்கள் தெருவில் யாரும் எந்த வண்டிக்கும் நாயைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டில் செவலை என்று நாங்கள் கூப்பிடும் இன்னொரு பெட்டை நான்கு முறை குட்டி போட்டது. பாதிக் குட்டிகள் சக்கரத்தில் அடிபட்டன. மீதி வளர்ந்து, இரவில் சைக்கிளில் போகிறவரைத் துரத்தின.

கருத்தடையை எதிர்த்தவர்களில் அந்தத் தெருவில் நாய்ப் பகைவர் ஒருவரும் இல்லை. சோறு வைத்தவர்கள்தான் எதிர்த்தார்கள். ஒரு நாய் சரியாகத் தேறாமல் போனதற்கு அவ்வளவு விலை.

கடைசியில் என் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். "கொண்டுபோய்ப் பண்ணிட்டு வரட்டும். ஆனா பத்து நாள் நம்ம கார் ஷெட்டுல இருக்கட்டும்" என்றாள். எங்களிடம் கார் கிடையாது, ஷெட் மட்டும் இருந்தது. இஸ்திரிக்காரர் செவலையைப் பிடித்துத் தர ஒப்புக்கொண்டார். அவர் கூப்பிட்டால்தான் அது வரும்.

அறுவை செய்த மருத்துவர் சின்னப் பெண். எங்களைப் பார்த்து, "சார், ஆபரேஷன் எங்களுக்கு அரை மணி நேரம். அவளுக்குப் பத்து நாள்" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். அதற்குப் பின் எங்கள் தெருவில் ஆறு பெட்டை நாய்கள் அந்த ஷெட்டில் தேறிப் போயிருக்கின்றன. கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

அந்தப் பத்து நாள்

வலப்பக்க விலாவுக்குக் கீழே சிறியதாக ஒரு கீறல் இருந்தது. வயிற்றின் நடுவில் அல்லவா அறுப்பார்கள் என்று கேட்டேன். இரண்டு முறையும் உண்டு, தெருநாய்க்குப் பக்கவாட்டில் செய்வதில் ஒரு வசதி என்றார் மருத்துவர். நாய் நடந்து போகும்போதே தூரத்திலிருந்து தையலைப் பார்த்துவிடலாம், கையால் பிடித்துப் புரட்ட வேண்டியதில்லை. பால் கட்டியிருக்கும் மடியையும் கத்தி தொடாது. நம் நாட்டுத் தெருநாய் மையங்கள் பலவற்றில் இந்த முறைதான். தானாகக் கரையும் நூலால் தோலுக்கு அடியில் தைத்திருந்தார்கள். பிரிப்பதற்கு மறுபடி நாயைத் தேடிப் பிடிக்க முடியாதே. காதின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு இருந்தது. அதையும் மயக்கத்திலேயே செய்துவிடுகிறார்கள். அந்தக் காதைப் பார்த்தால் இந்த நாய்க்கு ஆயிற்று என்று வண்டிக்காரர் தெரிந்துகொள்வார். இல்லாவிட்டால் ஒரே நாயை இரண்டாம் முறை அறுக்க நேரும்.

முதல் இரவுதான் முக்கியம். மயக்க மருந்துகளில் ஒன்று கெட்டமின். 1962-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. அது கொடுத்த நாய் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். பார்க்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், பயப்பட வேண்டாம். மயக்கத்தில் உடம்பின் சூடு இறங்கிவிடும். வெறும் சிமெண்ட் தரையில் போடாமல் சாக்கு விரித்து, மேலே பழைய போர்வை போட வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்தை நீட்டி விட வேண்டும். முழுதாக விழித்து, தலையை நிறுத்திப் பார்க்கும் வரை வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். பாசத்தில் பால் ஊற்றப்போன எதிர்வீட்டு அம்மாவை என் மனைவி தடுத்து நிறுத்தினாள். எழுந்தபின் கொஞ்சம் தண்ணீர், அது வாந்தியாகாமல் நின்றால் கொஞ்சம் குழைந்த சோறு. வயிறு முட்டக் கொடுக்கக் கூடாது.

இரண்டாம் நாளிலிருந்து நமக்கு எதிரி அதன் நாக்குதான். நாய் தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்ளும் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். சிராய்ப்புக்கு அது சரியாக இருக்கலாம், தையலுக்குச் சரிப்படாது. நக்கி நக்கி நூலை அவிழ்த்துவிடும், வாயின் கிருமி உள்ளே போகும். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு கடையில் கிடைக்கிறது. எலிசபெத் ராணி காலத்துச் சீமான்கள் அணிந்த கழுத்துப்பட்டை மாதிரி இருப்பதால் ஆங்கிலத்தில் அந்த ராணியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். செவலை அதைச் சுவரில் இடித்தே உடைத்தது. என் பழைய பனியனில் முன்னங்கால்களை நுழைத்து, இடுப்புப் பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டோம். அது போதுமாக இருந்தது. ஈரமானாலோ அழுக்கானாலோ உடனே மாற்ற வேண்டும்.

புண்ணில் எதையும் பூச வேண்டாம். மஞ்சள் பத்து, தேங்காயெண்ணெய், சாம்பல் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சுத்தமாகத் தைத்த தையலுக்கு வேண்டியது காய்ந்த இடமும் காற்றும்தான். மருத்துவர் களிம்போ தெளிப்பானோ தந்தால் அதை மட்டும் போடலாம். பத்து நாள் குளிப்பாட்டக் கூடாது. மாடிப்படி, குதிப்பு, மற்ற நாய்களோடு விளையாட்டு எதுவும் கூடாது. பருவத்தில் இருக்கும்போது அறுவை செய்திருந்தால் வாசனைக்குக் கடுவன் நாய்கள் இன்னும் சில நாள் சுற்றும், அவற்றை அண்ட விடக்கூடாது.

வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை, உலகம் முழுவதும் கால்நடை மருத்துவர்களில் பலர் அறுவைக்குப் பின் நாய்க்கு வலி மருந்து கொடுப்பதில்லை. வலி இருந்தால்தான் அசையாமல் கிடக்கும், தையல் பிரியாது என்று எண்ணினார்கள். விலங்கு வலியை மறைத்துக்கொள்ளும் என்பதால் அதற்கு வலிக்கவில்லை என்றும் நினைத்தார்கள். இப்போது அந்த எண்ணம் போய்விட்டது. வலி குறைந்த நாய் சீக்கிரம் சாப்பிடுகிறது, சீக்கிரம் ஆறுகிறது. மெலாக்சிகாம் போன்ற மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் கொடுப்பார். நம் அலமாரியில் இருக்கும் மாத்திரையை நாமாகக் கொடுக்கவே கூடாது. மூட்டு வலிக்கு நாம் விழுங்கும் ஐபுப்ரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

காலையும் மாலையும் தையலைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் லேசான சிவப்பும் வீக்கமும் இருக்கலாம், நாளுக்கு நாள் குறைந்தால் சரி. தையல் வாய் திறந்தால், சீழோ நாற்றமோ வந்தால், ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தால், ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால், ஈறு வெளுத்துப்போனால், வயிறு உப்பினால் காத்திருக்கவே கூடாது. ஆட்டோவைக் கூப்பிட வேண்டியதுதான். ஈறு வெளுப்பது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். ஈ விஷயத்தில் கவனம் மிகவும் தேவை. நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். எங்கள் வெள்ளைப் பெட்டைக்கு நடந்தது அதுதான்.

செவலைக்கு நான்காம் நாள் வால் ஆடியது. பதினோராம் நாள் காலையில் ஷெட் கதவைத் திறந்துவிட்டோம். நேராக இஸ்திரி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தது. அதற்குப் பின் ஒன்பது ஆண்டு இருந்தது. சற்றுக் குண்டாயிற்று. அறுவைக்குப் பிறகு இது வழக்கம், வீட்டு நாயானால் சோற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

வயதான பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் ஒன்று உண்டு. கவனிக்காவிட்டால் உயிரைக் கொல்லும். கருப்பையும் சூலகமும் எடுத்த நாய்க்கு அந்தப் பயம் இல்லை. வீட்டில் பெட்டை வளர்ப்பவர்கள் "பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்று தள்ளிப்போடும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெய்ப்பூர் சொன்ன கணக்கு

இப்படி ஒவ்வொரு நாயாகத் தேற்றினால் ஒரு நகரத்தில் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். ஜெய்ப்பூரில் 'ஹெல்ப் இன் சஃபரிங்' என்ற அமைப்பு 1994 நவம்பரில் இந்த வேலையைத் தொடங்கியது. 2002 முடியும்போது அவர்கள் கையில் எடுத்த நாய்கள் 24,986. அந்த மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பெட்டை நாய்களில் சுமார் 65 விழுக்காட்டுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆயிற்று என்றும், தெருநாய்த் தொகை 28 விழுக்காடு குறைந்தது என்றும், திட்டம் நடந்த பகுதியில் மனிதருக்கு வெறிநோய் வருவது நின்றே போயிற்று என்றும் எழுதினார்கள். எட்டு ஆண்டு விடாமல் செய்த வேலையின் பலன் அது. பாதியில் விட்ட ஊர்களில் இந்தப் பலன் கிடைக்காது.

எட்டு ஆண்டு ஒரு நகரத்து மக்கள் தங்கள் தெரு நாயைப் பிடிக்க விடுகிறார்கள் என்றால், பிடித்துப் போன நாய் நல்லபடியாகத் திரும்பி வந்தது என்றுதான் அர்த்தம். நம்பிக்கை இல்லாத தெருவில் பெட்டையை ஒளித்து வைப்பார்கள், கடுவன் மட்டும் வண்டியில் ஏறும். கணக்கில் எண்ணிக்கை காட்டலாம், குட்டி மட்டும் குறையாது.

இன்றைக்கு

2023 மார்ச்சில் பழைய விதிகளுக்குப் பதில் புதிய விதிகள் வந்தன. நாய் முழுமையாகத் தேறிய பிறகுதான், பிடித்த அதே இடத்தில் விட வேண்டும், விட்ட நாளையும் இடத்தையும் பதிய வேண்டும் என்று அவை சொல்கின்றன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னதும், பதினோரு நாள் கழித்து அதை மாற்றிக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு விடச் சொன்னதும் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமாகக் கடிப்பவையும் அந்த உத்தரவில் அதற்கு விலக்காக இருந்தன. விவாதம் இன்னும் ஓயவில்லை. எது எப்படி முடிந்தாலும் கத்தி வைத்த நாயைத் தேற்றியாக வேண்டும்.

நம் வயதில் வண்டிக்குப் பின்னால் ஓட முடியாது. ஆனால் வண்டி தெருவுக்கு வரும்போது வாசலில் நின்று மூன்று கேள்வி கேட்க முடியும். எந்த மையத்துக்குக் கொண்டுபோகிறீர்கள்? அறுவைக்குப் பின் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? எந்த நாள் இங்கே கொண்டுவந்து விடுவீர்கள்? பதிலை ஒரு காகிதத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பால் குடிக்கும் குட்டிகள் இருக்கும் பெட்டையானால் அதையும் சொல்லுங்கள், தாயில்லாமல் குட்டி செத்துப்போகும். நாய் திரும்பி வந்த அன்று காதையும் விலாவையும் ஒரு பார்வை பாருங்கள். மழை நாளாக இருந்தால் ஒரு சாக்கும் ஒதுங்க இடமும் கொடுங்கள்.

எங்கள் ஷெட்டில் இப்போது பேரனின் ஸ்கூட்டர் நிற்கிறது. ஆனாலும் போன மாதம் மூன்றாம் வீட்டுப் பெண் வந்து, "மாமா, பத்து நாளைக்கு ஷெட் கிடைக்குமா?" என்று கேட்டாள். ஸ்கூட்டர் வெளியே நின்றது.